மதர்போர்டு வாங்கும் முன் கையேட்டின் அடிக்குறிப்பைப் படியுங்கள்

சென்னையில் சிறு அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் கணினி அமைத்துக் கொடுப்பதும், பிறகு அவற்றைப் பழுது பார்ப்பதும் என் தொழில். புராசஸர், ராம், எஸ்எஸ்டி ஆகியவற்றின் தகுதியை ஒன்றிரண்டு எண்களில் சொல்லிவிட முடியும் என்பதால், அவற்றை வாங்குபவர் ஓரளவு விவரத்தோடுதான் வாங்குகிறார். கணினியின் பாகங்கள் எல்லாம் வந்து இணையும் பலகையான மதர்போர்டு அப்படியல்ல. அதன் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் சிறப்புகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாமே உண்மையாக இருக்கும். அவை அனைத்தும் ஒரே சமயத்தில், நீங்கள் வாங்கிய புராசஸருடன் சேர்ந்து கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் பெட்டியில் இருப்பதில்லை. தயாரிப்பாளரின் கையேட்டில், நட்சத்திரக் குறியிட்ட அடிக்குறிப்பில் இருக்கிறது.

திருவல்லிக்கேணியில் திருமண வீடியோக்களை எடிட் செய்து தரும் ஒரு ஸ்டுடியோவில் இதை நேரடியாகப் பார்த்தேன். அதன் உரிமையாளரான பாய், ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கிப் புதிய கணினி ஒன்றை அசெம்பிள் செய்திருந்தார். ஏஎம்டி பி550 சிப்செட் (போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்) கொண்ட மதர்போர்டு, ரைசன் 7 5700ஜி புராசஸர், விலை உயர்ந்த ஜென் 4 (பிசிஐஇ என்ற அதிவேக இணைப்பின் நான்காம் தலைமுறை) எஸ்எஸ்டி ஒன்று, பழைய கணினிகளிலிருந்து எடுத்த ஆறு ஹார்ட் டிஸ்குகள் ஆகியவை அதில் இருந்தன. "இரண்டு எம்.2 ஸ்லாட், ஆறு சாட்டா போர்ட்" என்று கொட்டேஷனில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். எம்.2 என்பது மெல்லிய எஸ்எஸ்டியைச் செருகும் இடம், சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க் போன்றவற்றைக் கேபிளால் இணைக்கும் இடம். முகூர்த்த மாதத்தில் வேலை குவிந்தபோது, காலியாக இருந்த இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் இன்னொரு எஸ்எஸ்டியை வாங்கிப் போட்டிருக்கிறார். மறுநாள் காலையிலேயே எனக்குப் போன் வந்தது. "தம்பி, ரெண்டு டிஸ்க்கு காணாமப் போச்சுப்பா. போன மாசத்துக் கல்யாணமெல்லாம் அதுலதான் இருக்கு. கொஞ்சம் வந்து பாரு" என்றார்.

போய், போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைத் திறந்து பார்த்தேன். சாட்டா 1 முதல் 4 வரை டிஸ்குகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. 5, 6 இரண்டும் காலியாக இருந்தன. காணாமல் போன டிஸ்க் ஒன்றின் கேபிளைக் கழற்றி முதல் போர்ட்டில் செருகியதும் அது உடனே தெரிந்தது. டிஸ்கும் கெடவில்லை, கேபிளும் கெடவில்லை என்று உறுதியானதும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கையேட்டை இறக்கிப் படித்தோம். சேமிப்பகப் பகுதியின் கீழே, மற்ற எழுத்துகளைவிடச் சிறியதாக ஒரு வரி இருந்தது: இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி பொருத்தப்பட்டால் சாட்டா 5, 6 ஆகிய போர்ட்டுகள் செயலிழக்கும். புதிய எஸ்எஸ்டியைக் கழற்றியவுடன் இரண்டு டிஸ்குகளும் திரும்பி வந்தன. பாய் அதைப் பார்த்துவிட்டுத்தான் தேநீரைக் கையில் எடுத்தார்.

இது அந்த ஒரு மாடலுக்கு மட்டும் உரிய குறை அல்ல. சிப்செட்டிலிருந்து வெளிவரும், தரவு ஓடும் பிசிஐஇ தடங்கள், அதாவது லேன்கள், எண்ணிக்கையில் குறைவானவை என்பதால், ஒரே தடங்களை இரண்டு இடங்களுக்கு இழுத்துவைத்து, எது பொருத்தப்படுகிறதோ அதற்கு வழிவிடும்படி பல தயாரிப்பாளர்கள் வடிவமைக்கிறார்கள். ஒரு குழாயில் இரண்டு வாய் வைத்து, ஒன்றைத் திறந்தால் மற்றொன்றில் தண்ணீர் நிற்பதைப் போன்ற ஏற்பாடு இது. வடிவமைப்பில் தவறில்லை, விலையைக் கட்டுக்குள் வைக்க அது தேவையும்கூட. ஆனால் பெட்டியில் இரண்டு வாய்களையும் எண்ணிக்காட்டிவிட்டு, ஒரு சமயத்தில் ஒன்றுதான் ஓடும் என்பதைக் கையேட்டின் உள்ளே வைப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. பெட்டியில் அந்த ஒரு வரியை அச்சிட இடம் இல்லாமல் போவதில்லை.

அதே கணினியில் இன்னொரு விஷயமும் அன்று வெளிப்பட்டது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற இடத்தில் இரண்டு விவரங்கள் அருகருகே காட்டப்படும். முதலில் வருவது எஸ்எஸ்டி இப்போது ஓடும் வேகம், அடுத்து வருவது அது ஓடக்கூடிய வேகம். பாயின் கணினியில் முதலாவது பிசிஐஇ 3.0 என்றும், இரண்டாவது பிசிஐஇ 4.0 என்றும் இருந்தது. நொடிக்கு ஏறத்தாழ 7,000 மெகாபைட் படிக்கக்கூடியது என்று விற்கப்பட்ட எஸ்எஸ்டி, அதில் பாதி வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. காரணம் மதர்போர்டில் இல்லை, புராசஸரில் இருந்தது. பி550 போர்டில் முதல் எம்.2 ஸ்லாட்டின் நான்கு தடங்களும் புராசஸரிலிருந்து நேரடியாக வருகின்றன. 5700ஜி, 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளடங்கிய அந்தத் தலைமுறை ரைசன்கள் பிசிஐஇ 3.0 வரை மட்டுமே தருகின்றன. ரைசன் 5 5600 போட்டிருந்தால் 4.0 கிடைத்திருக்கும். கொட்டேஷன் கொடுத்த கடைக்குப் போன் செய்து கேட்டபோது, "பாக்ஸ்லயே 4.0ன்னு போட்டிருக்கு சார்" என்று பதில் வந்தது. பெட்டியில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதே தயாரிப்பாளரின் தளத்தில், எந்தப் புராசஸர் போட்டால் எந்த வேகம் என்று பிரித்து எழுதியிருந்தார்கள். போர்டையும் புராசஸரையும் எஸ்எஸ்டியையும் ஒன்றாகச் சேர்த்து விற்கும் கடை, அந்தப் பக்கத்தை ஒரு முறை திறந்து பார்த்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரே ஒரு தடம் கொண்ட எக்ஸ்1 ஸ்லாட்டில் பொருந்தும் சாட்டா கார்டு ஒன்றை வாங்கி, மிஞ்சிய இரண்டு டிஸ்குகளையும் அதில் இணைத்துக் கொடுத்தேன். ஜென் 4 எஸ்எஸ்டிக்குக் கொடுத்த கூடுதல் பணத்துக்கு மட்டும் வழி எதுவும் இல்லை.

இன்டெல் பக்கத்தில் இதற்கு நிகரான உதாரணம் எச்610 சிப்செட். சென்னையில் அலுவலகக் கணினிகளுக்கு நிறையப் போகும் போர்டு இது. இதன் பெட்டியில் பிசிஐஇ 4.0 என்று பெரிதாக இருந்தால், அது கிராபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட்டைக் குறிக்கிறது. எம்.2 ஸ்லாட் அதில் சிப்செட்டிலிருந்து வருவதால் 3.0 தான். அதேபோல எச்610 சிப்செட் ராமை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, அனுமதிப்பதில்லை என்பதால், டிடிஆர்4 வகைப் போர்டில் 3600 மெகாஹெர்ட்ஸ் ராம் வாங்கிப் போட்டாலும் அது 3200இல்தான் ஓடும். இந்த இரண்டு விவரங்களும் தெரிந்திருந்தால், ராமிலும் எஸ்எஸ்டியிலும் போகும் பணத்தை மிச்சப்படுத்தி பி660 அல்லது பி760 போர்டுக்கு மாறலாம். வேகம் தேவையே இல்லாத பில்லிங் கணினி என்றால் எச்610 தாராளமாகப் போதும், விலை குறைந்த எஸ்எஸ்டியும் போதும்.

நீளமான ஸ்லாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு போர்டில் இரண்டு எக்ஸ்16 (பதினாறு தடங்கள்) ஸ்லாட்டுகள் இருப்பதாகச் சொன்னால், அது பிளாஸ்டிக்கின் நீளம் மட்டுமாகவும் இருக்கலாம். கடையில் போர்டைக் கையில் வாங்கி, செல்போன் டார்ச்சை அடித்து இரண்டாவது ஸ்லாட்டின் உள்ளே பாருங்கள். உண்மையான எக்ஸ்16 என்றால் உலோகத் தொடுபுள்ளிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இருக்கும். எக்ஸ்4 ஆக இருந்தால் பல போர்டுகளில் அவை தொடக்கத்தில் கொஞ்சதூரம் வந்து நின்றுவிடும், அதற்கப்பால் வெறும் பிளாஸ்டிக் பள்ளம்தான். சில போர்டுகளில் தொடுபுள்ளிகள் முழுமையாக இருந்தும் இணைப்பு இருக்காது என்பதால், கண்ணால் பார்ப்பதோடு கையேட்டில் உள்ள படத்தையும் ஒப்பிடுவது நல்லது. வீடியோவைக் கணினிக்குள் பதிவுசெய்யும் கேப்சர் கார்டு, பத்து கிகாபிட் நெட்வொர்க் கார்டு போன்றவற்றை வாங்குபவர்களுக்கு இது மிக முக்கியம்.

வெறும் பெயரே ஏமாற்றும் இடமும் உண்டு. யூஎஸ்பி 3.0, யூஎஸ்பி 3.1 ஜென் 1, யூஎஸ்பி 3.2 ஜென் 1 ஆகிய மூன்றும் நொடிக்கு 5 கிகாபிட் தரும் ஒரே பொருளுக்கு அடுத்தடுத்து வைக்கப்பட்ட பெயர்கள். எண் உயர்ந்ததால் வேகம் உயர்ந்துவிடவில்லை. ஆகவே பெயரை விட்டுவிட்டு 5, 10, 20 கிகாபிட் என்ற எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். 'வைஃபை ரெடி' என்றால் கார்டு செருகும் இடம் மட்டும் இருக்கிறது, கார்டு இல்லை என்று பொருள். அந்த இடத்தில் போட இன்டெலின் ஏஎக்ஸ்201 போன்ற கார்டை வாங்கினால் அது இன்டெல் போர்டில் மட்டுமே வேலை செய்யும், ஏஎம்டி போர்டுக்கு ஏஎக்ஸ்210 வகைதான் சரி. எச்டிஎம்ஐ போர்ட் போர்டில் இருந்தாலும், ஐ5-12400எஃப் போன்று எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் புராசஸர்களில் கிராபிக்ஸ் கிடையாது என்பதால் தனிக் கார்டு இல்லாமல் திரை எழாது. அந்த எச்டிஎம்ஐ 1.4 பதிப்பாக இருந்தால் 4கே திரை 30 ஹெர்ட்ஸில்தான் ஓடும். மவுஸ் அம்புக்குறி இழுத்து இழுத்து நகர்வதை முதல் நாளிலேயே கண்டுகொள்ளலாம்.

இதுவரை சொன்னவற்றில் உண்மை எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. பொய்யே எழுதப்பட்ட ஒரு நிகழ்வையும் சொல்கிறேன். வியாசர்பாடியில் சில இளைஞர்கள் மாலை நேரத்தில் இலவச டியூஷன் நடத்துகிறார்கள். ஒரு நிறுவனம் கழித்துப்போட்ட மூன்றாம் தலைமுறை ஐ5 புராசஸர்களும் டிடிஆர்3 ராம்களும் அவர்களுக்கு நன்கொடையாகக் கிடைத்தன. பழைய மதர்போர்டுகள் பெரும்பாலும் செத்துப்போயிருந்ததால், இணையத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து புதிய எச்61 போர்டுகளை வாங்கலாம் என்று அதன் பக்கத்தை எனக்கு அனுப்பினார்கள். "என்விஎம்இ எஸ்எஸ்டி முழு வேகம், சாட்டா 6 கிகாபிட்" என்று அதில் இருந்தது. என்விஎம்இ என்பது பிசிஐஇ தடங்களில் ஓடும் வேகமான எஸ்எஸ்டி வகை. எச்61 என்பது 2011இல் வந்த சிப்செட். அதன் சாட்டா 3 கிகாபிட் வேகம் கொண்டது. அதன் பிசிஐஇ தடங்கள் 2.0 தலைமுறையைச் சேர்ந்தவை. இரண்டு வாசகங்களும் அந்தச் சிப்செட்டுடன் ஒத்துப்போகாதவை என்பதால், முதலில் ஒன்றே ஒன்றை வாங்கிச் சோதிப்போம் என்று சொன்னேன்.

போர்டு வந்தது. பெட்டியில் மாடல் எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை. தயாரிப்பாளர் முகவரி, இறக்குமதியாளர் பெயர், வாடிக்கையாளர் சேவை எண் எதுவும் அச்சிடப்படவில்லை. சிபியு-இசட் மென்பொருளில் 'மெயின்போர்டு' பக்கத்தைத் திறந்து சிப்செட் எச்61 தான் என்று உறுதிசெய்தோம். எம்.2 ஸ்லாட்டில் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியைப் போட்டால் பிசிஐஇ 2.0, ஒரே ஒரு தடம் என்று வந்தது. அதன் உச்ச வரம்பே நொடிக்கு 500 மெகாபைட். நடைமுறையில் அதற்கும் குறைவுதான் கிடைக்கும். நொடிக்கு 3,500 மெகாபைட் கொண்ட எஸ்எஸ்டியை அதில் போடுவது வீண். சாட்டாவும் 3 கிகாபிட்டில்தான் இணைந்தது. டியூஷன் பிள்ளைகளுக்கு அந்த வேகம் போதாதா என்றால், போதும். ஹார்ட் டிஸ்குடன் ஒப்பிட்டால் விலை குறைந்த சாட்டா எஸ்எஸ்டியே அங்கே பெரிய மாற்றத்தைத் தரும். ஆனால் நன்கொடைப் பணத்தில் என்விஎம்இ எஸ்எஸ்டிகளை வாங்கியிருப்பார்கள் என்பதுதான் விஷயம். விளம்பரப் பக்கத்தின் படத்தையும், மென்பொருள் காட்டிய திரையையும் இணைத்து, பொருள் விவரம் பொருந்தவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். சில நாள் இழுபறிக்குப் பின் பணம் வந்தது.

இதே வகையில் எக்ஸ்99 என்ற பெயரில் மலிவாக விற்கப்படும் போர்டுகளிடமும் கவனம் தேவை. அவற்றில் பலவற்றில் உள்ளே இருப்பது இன்டெலின் எக்ஸ்99 சிப்செட் அல்ல. கழிக்கப்பட்ட கணினிகளிலிருந்து எடுத்த பி85, கியூ87 போன்ற சிப்செட்டுகள். சர்வர்களுக்கான பழைய சியான் புராசஸருடன் சேர்த்துக் குறைந்த விலையில் கிடைக்கிறது என்பதற்காகவே வாங்குபவர்கள் உண்டு, அதில் தவறில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

இப்போது யாருக்காவது போர்டு வாங்க, கணினிப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போவதாக இருந்தால், முந்தைய இரவே கையேட்டின் பிடிஎஃப் கோப்பை செல்போனில் இறக்கி வைத்துக்கொள்கிறேன். முதலில் பார்ப்பது சேமிப்பகப் பகுதியின் அடிக்குறிப்பு. அடுத்து, வாங்கப்போகும் புராசஸர் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு தொடங்குகிறது என்று பார்க்கிறேன். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் (புராசஸர் உட்காரும் இடம்) 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்குப் பொதுவானது என்றாலும், கடையில் நெடுநாள் கிடந்த போர்டில் பழைய பயாஸ் இருந்தால் 14ஆம் தலைமுறை புராசஸருடன் அது திரை காட்டாமலே நிற்கும். சாக்கெட் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு எல்ஜிஏ 1151 நல்ல சான்று: 6, 7ஆம் தலைமுறைக்கான போர்டுகளில் 8, 9ஆம் தலைமுறை புராசஸர்கள் அச்சுப் பிசகாமல் உட்காரும், ஆனால் ஓடாது. அதேபோல பெயரின் முடிவில் 'டி4' இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். ஒரே பெயருள்ள இரண்டு போர்டுகளில் ஒன்று டிடிஆர்4, மற்றது டிடிஆர்5 ஆக இருப்பதும், ஒன்றின் ராம் மற்றதில் நுழையவே நுழையாது என்பதும் கடையில் அவசரத்தில் மறந்துபோகும் விஷயங்கள்.

பெட்டியைத் திறந்து போர்டைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் சில கடைகளில் தயங்குவார்கள். ஒரு முறை கடையில் இருந்த தம்பி, "சார், மாடல் நம்பர் ஒண்ணுதானே, அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்?" என்று கேட்டார். ரிவிஷன் எண்ணைப் பார்க்கத்தான் என்று சொல்லி, பெட்டியைப் பிரித்து, போர்டின் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருந்த அந்த எண்ணை அவருக்கே காட்டினேன். கிகாபைட் போன்ற தயாரிப்பாளர்கள் ஒரே மாடலை ரெவ் 1.0, 1.1, 2.0 என்று மாற்றி மாற்றி வெளியிடுகிறார்கள். ஆடியோ சிப், நெட்வொர்க் சிப், சில சமயம் மின்சாரம் வழங்கும் பகுதிகூட மாறிவிடலாம். இணையத்தில் நீங்கள் படித்த பாராட்டு ரெவ் 1.0க்கு எழுதியதாக இருந்து, கையில் வருவது வேறாக இருந்தால் அந்தப் பாராட்டால் பயன் இல்லை. பயாஸ் கோப்பும் ரிவிஷனுக்கு ரிவிஷன் வேறுபடலாம் என்பதால், இந்த எண் பின்னாளில் அப்டேட் செய்யும்போதும் தேவைப்படும்.

மின்சாரம் வழங்கும் பகுதியைத்தான் விஆர்எம் என்கிறோம். சென்னைக்கு இது தனியாகச் சொல்லப்பட வேண்டிய விஷயம். '6+2 ஃபேஸ்' என்று மின்வழங்கும் பிரிவுகளின் எண்ணிக்கை பெட்டியில் இருப்பதை மட்டும் பார்த்து மதிப்பிட முடியாது. ஒரே கட்டுப்பாட்டு வழியில் இரண்டு இரண்டாகப் பொருத்தி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஐ7-12700 புராசஸரின் அடிப்படை மின்பயன்பாடு 65 வாட், ஆனால் டர்போவில், அதாவது உச்ச வேகத்தில் ஓடும்போது, 180 வாட் வரை போகும். ஆதரவுப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது என்பதற்காக, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கே இல்லாத மலிவான போர்டில் அதைப் போட்டால், வீடியோ ரெண்டர் செய்யும்போது விஆர்எம் சூடேறி வேகம் படிப்படியாக இறங்கும். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத, காற்றோட்டம் குறைந்த கடையறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெப்பநிலையைக் காட்டும் 'எச்டபிள்யூ இன்ஃபோ' மென்பொருளைத் திறந்து வைத்து அரை மணி நேரம் ரெண்டர் ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும். அதிகம் உழைக்கும் கணினி என்றால் ஹீட்சிங்க் உள்ள போர்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்வது என் வழக்கம்; அந்தப் பணம் வீணாவதில்லை.

பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மாடலின் முழுப் பெயரும் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் வர வேண்டும். 18 சதவீதம் மிச்சமாகும் என்று பில் இல்லாமல் வாங்கினால், பிறகு வாரண்டியும் இல்லை, புகார் செய்ய ஆதாரமும் இல்லை. இறக்குமதி செய்த பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, வாடிக்கையாளர் சேவை விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொதிவுப் பொருள் விதிகள் சொல்கின்றன. அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டியை நான் வாங்குவதில்லை. இணையத்தில் வாங்கினால் ஆர்டர் போடும் முன்பே பொருள் விவரப் பக்கத்தை முழுமையாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பிறகு அந்த வரிகள் மாறியிருக்கலாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகவே கூறுகின்றன. பேச்சுவார்த்தையில் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதிவுசெய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு போர்டுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் உதவி எண்ணில் பதிவான புகாரின் எண்ணை மின்னஞ்சலில் குறிப்பிட்டால் பதிலின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எல்லாச் சோதனைகளையும் முடித்துவிடுங்கள். ஸ்லாட்டுகள் அனைத்திலும் ஒரே சமயத்தில் பொருட்களைப் போட்டு, எல்லா சாட்டா போர்ட்டுகளும் பயாஸில் தெரிகின்றனவா என்று பாருங்கள். இப்போது தேவையில்லாத ஸ்லாட்டையும் சேர்த்தே சோதியுங்கள். இன்டெல் போர்டாக இருந்தால் சாக்கெட்டின் மேல் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாமல், பெட்டிக்குள்ளேயே ஒரு கவரில் போட்டு வையுங்கள். வாரண்டிக்குக் கொண்டு போகும்போது அந்த மூடி இல்லாத போர்டைப் பல சர்வீஸ் சென்டர்களில் வாங்கிக்கொள்வதில்லை.